கேஸ் எங்கே போகிறது?

அடியோடு கெட்டுப்போன ஏசியால் காருக்குள் சண்டை வருவதில்லை. பொத்தானை அமுக்குகிறோம், வெறும் காற்று வருகிறது, கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு போகிறோம். மறுநாள் பட்டறையில் விட்டால் எந்தப் பாகம் போயிற்று என்று சொல்லிவிடுவார்கள். சண்டையை மூட்டுவது அரைகுறையாகக் குளிரும் ஏசிதான். ஓட்டுகிறவரின் முகத்துக்கு நேரே காற்று அடிப்பதால் அவருக்கு எல்லாம் சரியாகவே இருக்கிறது. பின் சீட்டில் அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டிருக்கிறார். காலையில் குளிர்கிறது, மதியம் இல்லை. செங்கல்பட்டைத் தாண்டினால் குளிர்கிறது, கத்திப்பாராவில் நின்றால் இல்லை. எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டால் வீட்டில் ஆளுக்கொரு மாதத்தைச் சொல்கிறார்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது நன்றாகத்தான் இருந்தது என்கிறார் ஒருவர்; பொங்கலுக்கு யார் ஏசி போட்டது என்கிறார் இன்னொருவர்.

எங்கள் வீட்டில் இருப்பது இருபது வயதை நெருங்கும் ஒரு சிறு கார். கம்பெனியின் பெயர் வேண்டாம்; அந்த வயதில் எந்தக் காரும் இப்படித்தான். அதன் ஏசி சரியாகக் குளிரவில்லை என்று வாயைத் திறந்தால் போதும், அபார்ட்மென்ட் வாட்ச்மேனிலிருந்து ஒன்றுவிட்ட மைத்துனர் வரை எல்லோரிடமும் ஒரே மருந்துதான் இருக்கிறது: "கேஸ் கம்மியா இருக்கும், போட்டுடுங்க." இது முழுப் பொய்யாக இருந்தால் எப்போதோ செத்திருக்கும். பாதி உண்மை என்பதால்தான் இத்தனை காலம் தாக்குப்பிடிக்கிறது. கேஸ் போட்ட அன்று நிஜமாகவே குளிர்கிறது. அடுத்த சித்திரையில் மறுபடி போட வேண்டியிருக்கிறது. இன்சூரன்ஸ், புகைச் சான்று, கேஸ் என்று வருடாந்தரச் செலவுகளின் பட்டியலில் அதுவும் சத்தமில்லாமல் உட்கார்ந்துகொள்கிறது. போன வருடம் போட்ட கேஸ் எங்கே போயிற்று என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

நமக்கு இந்தக் கேள்வி தோன்றாததற்குக் காரணம் மண்பானை என்று நினைக்கிறேன். பானைத் தண்ணீர் குளிர்வது எப்படி என்று நம் எல்லோருக்கும் உடம்பால் தெரியும். நீர் சுவர் வழியே கசிந்து ஆவியாகும். ஆவியாகிறபோது சூட்டை எடுத்துக்கொண்டு போகும். பானை கசிந்தால்தான் குளிரும், கசிந்ததை மறுநாள் காலையில் ஊற்றி நிரப்ப வேண்டும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கார் ஏசியும் இதே விதியில்தான் ஓடுகிறது. ஒரு திரவம் கொதித்து ஆவியாகிறது, சூட்டை எடுக்கிறது. வித்தியாசம் அதற்குப் பிறகுதான். அந்த ஆவியை வெளியே விடாமல் பிடித்து, அமுக்கி, மறுபடி திரவமாக்கி, அதே திரவத்தைத் திரும்பத் திரும்பக் கொதிக்கவைப்பதுதான் இயந்திரத்தின் மொத்த வேலையும். அதன் கேஸ் தீர்ந்துபோகிற பொருள் அல்ல. பெட்ரோலைப் போல எரிவதும் இல்லை, என்ஜின் ஆயிலைப் போலக் கறுத்துப்போவதும் இல்லை. குறைந்திருந்தால் எங்கோ வழி கண்டுபிடித்து வெளியே போயிருக்கிறது என்று மட்டுமே பொருள்.

வீட்டு ஃப்ரிட்ஜுக்கு யாரும் வருடா வருடம் கேஸ் போடுவதில்லை. இருபது வருடம் ஓடிய ஃப்ரிட்ஜ்கள் நம் வீடுகளில் உண்டு. அதன் கம்ப்ரஸரும் அதைச் சுற்றும் மோட்டாரும் சேர்ந்து ஒரே இரும்புக் குடுவைக்குள் வைத்து மூடிப் பற்றவைக்கப்பட்டவை. வெளியே வருவது மின்கம்பிகள் மட்டுமே. காரில் அப்படிச் செய்ய முடியாது. அங்கே கம்ப்ரஸரைச் சுற்றுவது என்ஜின், பெல்ட்டின் வழியாக. ஆகவே கம்ப்ரஸரின் நடுத்தண்டு குடுவையைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தாக வேண்டும். உள்ளே அழுத்தத்தில் கேஸ், வெளியே காற்று, நடுவே சுழலும் தண்டைத் தழுவிக்கொண்டு ஒரு சீல். போதாததற்கு என்ஜின் ஆடும், பாடி வேறு விதமாக ஆடும்; அதனால் குழாய்களில் சில பகுதிகளை ரப்பரில்தான் செய்ய வேண்டும். ரப்பரின் ஊடாகவும் கேஸ் மெல்ல மெல்ல வெளியேறும். கார் ஏசி கொஞ்சம் கசியும் என்பது அதை வரைந்தவர்களுக்கே தெரிந்த சங்கதி. ஆனால் அந்தக் கொஞ்சம் சில வருடங்களுக்கு ஒரு முறை கவனிக்க வேண்டிய கொஞ்சம். வருடா வருடம் காலியானால் அது ஓட்டை.

கம்ப்ரஸர் தண்டைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1939-ல் அமெரிக்காவின் பேக்கார்ட் நிறுவனம் தொழிற்சாலையிலேயே ஏசி பொருத்திய காரை முதலில் விற்றது. டிக்கியில் பெரும்பகுதியை அந்த இயந்திரமே அடைத்துக்கொண்டது. கம்ப்ரஸருக்குக் கிளட்ச் கிடையாது. குளிர் வேண்டாம் என்றால் வண்டியை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கையால் கழற்ற வேண்டும். இன்று ஏசி பொத்தானை அமுக்கியதும் முன்னால் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டு, என்ஜின் ஒரு கணம் தொய்ந்து எழுகிறதே, அது அந்தப் பெல்ட் வேலையைச் செய்யும் காந்தக் கிளட்ச். பழைய காரில் இந்த 'டக்'கைக் காது கொடுத்துக் கேட்பது பரிசோதனையின் முதல் படி. சத்தமே இல்லையா, வந்து வந்து போகிறதா, நிமிடத்துக்குப் பத்து முறை டக் டக் என்கிறதா, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு அர்த்தம். கேஸ் குறைந்த வண்டியில் கிளட்ச் அடிக்கடி ஒட்டும், விடும். தேய்ந்துபோன கிளட்ச்சில் தட்டுக்கும் கப்பிக்கும் இடையே இடைவெளி கூடிவிடும். குளிர்ந்திருக்கும்போது ஒட்டும், சூடேறினால் காந்தத்துக்கு இழுக்கத் தெம்பில்லாமல் விட்டுவிடும். காலையில் குளிர்ந்து மதியம் ஏமாற்றும் கார்களில் சில இந்த வகை. அவற்றுக்கு எவ்வளவு கேஸ் போட்டாலும் மதியம் மதியம்தான்.

புதுப்பேட்டைச் சந்து ஒன்றில் ஏசி வேலை மட்டும் பார்க்கும் ஒரு பாயிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் பானெட்டைத் திறக்கவில்லை. கேஜையும் எடுக்கவில்லை. டீயைக் குடித்துக்கொண்டே கேட்டார்:

"சிக்னல்ல நிக்கும்போது சூடா வருதா சார், ஓடும்போதுமா?"

"நிக்கும்போதுதான் ஜாஸ்தி, பாய்."

"அப்ப கேஸைப் பத்தி அப்புறம் பேசலாம். மொதல்ல ஃபேனைப் பாப்போம்."

அந்த ஒரு கேள்வியில் எவ்வளவு இயற்பியல் இருக்கிறது என்று பிறகுதான் கணக்குப் பார்த்தேன். இன்றைய பழைய கார்களில் ஓடுவது ஆர்-134ஏ என்னும் கேஸ். டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் அது 30 பிஎஸ்ஐ அழுத்தத்தில் இருந்தால் ஏறக்குறைய 2 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். காருக்குள் இருக்கும் காற்றின் சூடே அதைக் கொதிக்கவைக்கப் போதும். அப்படித்தான் காற்று குளிர்கிறது. கம்ப்ரஸர் அந்த ஆவியை அமுக்கி 200 பிஎஸ்ஐக்கு ஏற்றினால், 54 டிகிரியை ஒட்டி அது மறுபடி திரவமாகும். அது நடக்கும் இடம் ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கன்டென்சர். வெளியே கத்திரி வெயில் 40 டிகிரி என்றால் கையில் இருக்கும் வித்தியாசம் 14 டிகிரி. அவ்வளவுதான். அந்த 14 டிகிரியை வைத்துக்கொண்டுதான் காருக்குள் எடுத்த சூட்டையெல்லாம் வெளியே தள்ள வேண்டும். வண்டி ஓடும்போது காற்று தானாக மோதுகிறது. நின்றுவிட்டால் ஃபேன் ஒன்றே கதி. அந்த ஃபேன் வேகம் குறைந்து சுற்றினால், கன்டென்சரின் தகடுகளுக்கு இடையே பத்து வருடத்துப் பூச்சியும் புழுதியும் அடைந்திருந்தால், கீழே தார் ரோடும் பின்னால் ரேடியேட்டரும் காய்ந்தால், 14 டிகிரி எந்த மூலைக்கு? அழுத்தம் ஏறும், கம்ப்ரஸர் திணறும், குளிர் குறையும். அத்தனைக்கும் கேஸ் ஒரு கிராம்கூடக் குறைந்திருக்காது.

பாய் ஒரு டார்ச்சை அடித்து கன்டென்சரைக் காட்டினார். முன்பக்கம் பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது. அவர் காட்டியது அதற்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இருந்த சந்து. அரச மரத்துச் சருகு, தும்பு, ஈசலின் இறக்கைகள், எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து கம்பளியாகப் படிந்திருந்தன. வாட்டர் சர்வீஸ் விடும் இடத்தில் முன்னாலிருந்து தண்ணீர் அடித்து அடித்து உள்ளே தள்ளிய குப்பை. அழுத்தத் தண்ணீரை நேரே அடித்தால் மெல்லிய அலுமினியத் தகடுகள் மடங்கிவிடும் என்பதால், பின்னாலிருந்து மெதுவாக விட்டுக் கழுவினார். தகடு மடங்கிய இடங்களைப் பழைய பல்துலக்கியாலும் ஒரு சிறு சீப்பாலும் நிமிர்த்தினார். அதற்குப் பிறகே ஃபேனுக்கு வரும் கனெக்டரைக் கழற்றிப் பார்த்தார். ஒரு முனை கறுத்திருந்தது.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. வண்டியை ஸ்டார்ட் செய்து ஏசியைப் போட்டுவிட்டு, குழாய்களைத் தொட்டுப் பார்த்தார். கம்ப்ரஸரிலிருந்து கிளம்பும் மெல்லிய குழாயில் விரல் ஒரு நொடிக்கு மேல் நிற்காது. கன்டென்சரைத் தாண்டி வரும் குழாய் வெதுவெதுப்பு. கேஸில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும் ட்ரையர் என்ற குடுவைக்கு உள்ளே போகிற குழாயும் வெளியே வருகிற குழாயும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். வெளியே வருவது சில்லென்று இருந்தால் ட்ரையர் அடைத்துக்கொண்டு, கேஸ் அங்கேயே விரிந்துவிடுகிறது என்று அர்த்தம். கம்ப்ரஸருக்குத் திரும்பி வரும் தடித்த குழாய் குளிர்ந்து வியர்த்திருக்க வேண்டும். "கையை வெச்சுப் பாருங்க சார்" என்று என்னையும் தொடச் சொன்னார். ட்ரையரின் தலையில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கண்ணாடிச் சில்லு. மொத்த அமைப்பிலும் கேஸைக் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரே இடம் அது. உள்ளே நுரை ஓடிக்கொண்டிருந்தது. "குமிழி ஓடுது பாருங்க. இப்ப பேசலாம் கேஸைப் பத்தி."

ஆக, கேஸும் குறைந்துதான் இருந்தது. வாட்ச்மேன் சொன்னது பொய்யில்லை. ஆனால் அவர் பேச்சைக் கேட்டு நேரே கேஸ் போட்டிருந்தால், அடைத்துக்கொண்ட கன்டென்சரின் மேல் இன்னும் அழுத்தத்தை ஏற்றியிருப்போம். கசியும் இடம் இன்னும் வேகமாகக் கசிந்திருக்கும்.

கேஜ் மீட்டரைப் பற்றியும் ஒரு மூடநம்பிக்கை உண்டு. நீலக் குழாய் தாழ்ந்த அழுத்தத்துக்கு, சிவப்புக் குழாய் உயர்ந்த அழுத்தத்துக்கு. ஓடும் வண்டியில் இரண்டு முள்ளும் சேர்ந்து சொல்வதைப் படிக்கத் தெரிந்தவருக்கு அது நாடி பார்ப்பது. இரண்டும் தாழ்ந்திருந்தால் கேஸ் குறைவு. இரண்டும் ஏறியிருந்தால் கன்டென்சர் சூட்டை விடவில்லை, அல்லது கேஸ் அதிகம், அல்லது உள்ளே காற்று புகுந்துவிட்டது. நீலம் உயர்ந்து சிவப்பு தாழ்ந்தால் கம்ப்ரஸருக்கு அமுக்கத் திராணி இல்லை. நீலம் பூச்சியத்துக்கும் கீழே இறங்கினால், திரவத்தைக் கூலிங் காயிலுக்குள் பீச்சும் எக்ஸ்பான்ஷன் வால்வில் அடைப்பு. ஆனால் நிறுத்திவைத்த வண்டியில் கேஜை மாட்டி, "கேஸ் ஃபுல்லா இருக்கு சார்" என்று ஒருவர் சொன்னால் நம்ப வேண்டாம். 35 டிகிரி வெயிலில் நிற்கும் வண்டியில் இரண்டு முள்ளும் ஏறக்குறைய 114 பிஎஸ்ஐ காட்டும். உள்ளே 500 கிராம் இருந்தாலும் அதேதான், 250 கிராம் இருந்தாலும் அதேதான். ஒரு துளி திரவம் மிச்சமிருக்கும் வரை அந்த அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெயில் மட்டுமே. கேஸின் அளவைச் சொல்ல அழுத்தத்தால் முடியாது, எடையால்தான் முடியும். சிறு கார்களுக்கு அது அரைக்கிலோவை ஒட்டி இருக்கும். சரியான கணக்கு பானெட்டுக்கு அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும், இருபது வருடத்தில் அது உரிந்துபோயிருக்காவிட்டால். நம் ஊரில் "கொஞ்சம் கூடவே போடுங்க பாய்" என்பது கறிக்கடையிலும் ஏசிக் கடையிலும் ஒரே குரலில் கேட்கப்படுகிறது. கூடப் போட்டால் திரவம் கன்டென்சரில் தேங்கி அதன் இடத்தை அடைக்கும்; குளிர் குறையும்.

கசிவு என்பது குளிர்பதனத் தொழிலின் பழைய பகை. 1920களில் ஃப்ரிட்ஜ்களில் சல்ஃபர் டைஆக்ஸைடும் மீத்தைல் குளோரைடும் அம்மோனியாவும் ஓடின. எல்லாமே நஞ்சு. சீல் வழியே கசிந்தால் தூங்குகிறவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். பெர்லினில் ஒரு குடும்பமே அப்படி இறந்த செய்தியைப் படித்துத்தான் ஆல்பர்ட் ஐன்ஸ்டீனும் லியோ சிலார்டும் புது ஃப்ரிட்ஜ் வடிவமைக்க இறங்கினார்கள் என்று சொல்வார்கள். 1926-ல் தொடங்கி அவர்கள் வாங்கிய காப்புரிமைகள் பல. அமெரிக்கக் காப்புரிமை 1930-ல் கிடைத்தது. அவர்களுடைய யோசனை எளியது. அசையும் பாகம் இருந்தால் சீல் வேண்டும், சீல் இருந்தால் கசியும், ஆகவே அசையும் பாகமே வேண்டாம்.

உலகம் அந்த வழியில் போகவில்லை. அதே காலத்தில் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி வேறொரு விடையைக் கண்டுபிடித்தார். கசிந்தால் கசியட்டும், கசிவது நஞ்சாக இல்லாவிட்டால் போதும். 1930-ல் அமெரிக்க வேதியியல் சங்கக் கூட்டத்தில் அந்தப் புது கேஸை நெஞ்சு நிறைய இழுத்து, ஊதி, ஒரு மெழுகுவத்தியை அணைத்துக் காட்டினார். நஞ்சும் இல்லை, தீயும் பற்றாது. ஆர்-12 என்று பின்னாளில் பட்டறைகளில் புழங்கியது அதுதான். பெட்ரோலில் ஈயம் கலக்கும் யோசனையும் அவருடையதே. ஒரே மனிதர் காரின் இரண்டு முனைகளிலும் கை வைத்திருக்கிறார். இரண்டையும் உலகம் பிறகு கஷ்டப்பட்டுத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. ஈய பெட்ரோல் இந்தியாவில் 2000-ல் நின்றது.

மிட்ஜ்லியின் விடையில் எனக்கு உறுத்துவது வேதியியல் இல்லை. அதுவரை கசிவு என்றால் எல்லோருக்கும் பயம் இருந்தது. அவர் அந்தப் பயத்தை எடுத்துவிட்டார். வாசனை இல்லை, கண் எரியாது, யாரும் சாக மாட்டார்கள். போனால் போகிறது, மறுபடி ஊற்றிக்கொள்ளலாம். கார் ஏசி என்ற பொருள், சுழலும் தண்டும் ரப்பர்க் குழாயுமாக, இந்த அலட்சியத்தின் மேல்தான் கட்டப்பட்டது. 1974-ல் மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் போன கேஸ் எங்கே போகிறது என்று கணக்குப் போட்டுச் சொன்னார்கள்: ஓசோன் படலத்துக்கு. 1985-ல் அண்டார்க்டிகாவுக்கு மேலே ஓசோன் குறைந்திருப்பதை ஆங்கிலேய ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். 1987-ல் மான்ட்ரியல் ஒப்பந்தம். இந்தியா அதில் சேர்ந்தது 1992-ல். இங்கே அந்தக் குடும்பத்து கேஸ்களைத் தயாரித்த நான்கு நிறுவனங்களில் ஒன்று நம் மேட்டூரில் இருந்தது. 2008 ஆகஸ்டோடு, ஆஸ்துமா இன்ஹேலர்களுக்கான சிறு விலக்கு தவிர, நாட்டில் உற்பத்தி நின்றது.

ஆர்-12 ஓடிய பழைய கார்களை ஆர்-134ஏவுக்கு மாற்றிய கதைகளைப் பழைய மெக்கானிக்குகளிடம் கேட்க வேண்டும். பழைய கேஸோடு ஓடிய மினரல் ஆயில் புதியதில் கரையாது. ஆயில் ஊர் சுற்றி கம்ப்ரஸருக்குத் திரும்பி வராவிட்டால் கம்ப்ரஸர் காய்ந்து பிடித்துக்கொள்ளும். ஓ-ரிங் மாற்ற வேண்டும், ட்ரையர் மாற்ற வேண்டும். எல்லாம் செய்தாலும் பழைய கன்டென்சர் புது கேஸுக்குக் கொஞ்சம் சிறியதாகவே இருக்கும். 90களின் கார் ஒன்றை வைத்துக்கொண்டு "முன்ன மாதிரி குளிர்றதில்ல" என்று சொல்பவர் சொல்வது பல சமயம் உண்மை. முன்பு ஓடியது வேறு கேஸ்.

ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் பூமியைச் சூடாக்கும். ஒரு கிலோ வெளியே போனால், நூறு வருடக் கணக்கில், ஏறக்குறைய 1,430 கிலோ கார்பன் டைஆக்ஸைடு போனதற்குச் சமம். நம் சிறு காரிலிருந்து அரைக்கிலோ போனால் 700 கிலோவுக்கு மேல். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டைஆக்ஸைடு வரும். ஆகவே அந்த அரைக்கிலோ, 300 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்றால் சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு மூன்று முறை போய்வரலாம். மூடிய ஷெட்டில் கார் நின்றுகொண்டிருக்கும்போதே இந்தப் பயணம் நடந்துவிடுகிறது. மிச்ச கேஸைப் பிடித்துவைக்கும் இயந்திரம் இல்லாத பட்டறைகளில், வால்வு முனையை ஒரு ஸ்க்ரூடிரைவரால் அமுக்கி உஸ் என்று விட்டுவிடுகிறார்கள். பத்து வினாடி வேலை.

வண்டிக் கதைக்கு வருகிறேன். கேஸ் போகும்போது தனியாகப் போவதில்லை. கூடவே கொஞ்சம் ஆயிலையும் எடுத்துக்கொண்டு போகும். ஆயிலில் தூசி ஒட்டும். ஆகவே மூட்டு ஒன்றில் மட்டும் கறுப்பாகப் பிசுக்குப் படிந்திருந்தால் அங்கே சோப்பு நுரையை வைக்கலாம். பாய் மிச்ச கேஸை எடுத்துவிட்டு நைட்ரஜனை ஏற்றினார். நுரை தடவிக்கொண்டே வந்தார். கம்ப்ரஸருக்குப் பின்னால் ஒரு மூட்டில், கடுகளவு குமிழிகள், ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமே இல்லாமல் கிளம்பின. ஒரு ஓ-ரிங். கையில் எடுத்து வளைத்தார், விண்டுபோயிற்று. கூலிங் காயில் ஓட்டையாக இருந்திருந்தால் டாஷ்போர்டையே பிரிக்க வேண்டியிருக்கும். அந்த வார்த்தையைக் கேட்டதும் பழைய கார்க்காரர்களின் முகம் மாறுவதைப் பட்டறைகளில் பார்க்கலாம். நமக்கு அந்த அளவுக்குப் போகவில்லை.

ஓ-ரிங்கை மாற்றி, வேக்கம் பம்ப்பை மாட்டினார். உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சும் வேலை இது. அரை மணி நேரமாவது ஓட வேண்டும். பிறகு பம்ப்பை நிறுத்திவிட்டு முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அவசரக் கடைகளில் முதலில் வெட்டுப்படுவது இந்த அரை மணி நேரம்தான். ஈரம் உள்ளே தங்கினால் எக்ஸ்பான்ஷன் வால்வின் ஊசித் துளையில் உறைந்து அடைக்கும். ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி உள்ளிருந்தே அரிக்கும்.

கேஸும் போட்டாயிற்று. நன்றாகக் குளிர்ந்தது. ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. அப்போதுதான் அவர் டாஷ்போர்டுக்கு அடியில் ஹீட்டர் குழாயைத் தொட்டார். கொதித்தது. பழைய கார்களில் ஹீட்டருக்குப் போகும் என்ஜின் வெந்நீரை நிறுத்த ஒரு வால்வு உண்டு. சென்னைக்காரர் அதைப் பல வருடம் தொடுவதே இல்லை. துருப்பிடித்து பாதி திறந்தபடி நின்றுவிடும். ஒரு பக்கம் கூலிங் காயில் காற்றைக் குளிரவைக்க, அடுத்த அறையில் வெந்நீர் அதைச் சூடாக்கிக்கொண்டிருக்கும். "ஊட்டிக்குப் போவீங்களா சார்?" என்றார். எப்போதாவது என்றேன். "அப்ப ஸ்வெட்டர் போட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டு, ஹீட்டருக்குப் போகிற குழாயையும் வருகிற குழாயையும் நேரே சேர்த்து முடிந்துவிட்டார். எந்தக் கம்பெனியின் கையேட்டிலும் இல்லாத, சமவெளிக்கு மட்டுமே பொருந்தும் வைத்தியம்.

தளர்ந்துபோன ஏசியில் குற்றவாளி ஒருவர் இருப்பது அபூர்வம். கன்டென்சரில் குப்பை, ஃபேனில் கறுத்த முனை, ஒரு ஓ-ரிங், மூடாத வெந்நீர் வால்வு என்று நாலு பேர் கூட்டாகக் கொஞ்சம் கொஞ்சம் தின்றிருப்பார்கள். ஒருவரைப் பிடித்துவிட்டு வழக்கை முடித்துக்கொள்ளத்தான் நமக்கு ஆசை. கூடவே ஏசியின் வேலைப்பளுவும் ஏறியிருக்கும். 2012-ல் உச்ச நீதிமன்றம் கார்க் கண்ணாடிகளில் ஒட்டும் கறுப்பு ஃபிலிமுக்குத் தடை போட்டபோது, அது சரியான காரணத்துக்காகத்தான் போட்டது. ஆனால் அதுவரை ஃபிலிமுக்குப் பின்னால் குளிர்ந்துகொண்டிருந்த சிறு ஏசிகளின் தலையில் முழு வெயிலும் இறங்கியது.

சென்னையில் வெயிலைவிடப் பெரிய சுமை ஈரம். கூலிங் காயிலில் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் நீர் படிகிறது என்றால், அதைப் படியவைக்க மட்டுமே சுமார் 680 வாட் குளிர்ச்சி செலவாகிறது. நம் முகத்துக்கு அதில் ஒன்றும் வராது. வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் வழியைத் திறந்தே வைத்திருப்பவர் வங்காள விரிகுடாவைப் பிழிந்துகொண்டிருக்கிறார். வெயிலில் நின்ற வண்டியில் ஏறியதும் இரண்டு நிமிடம் கண்ணாடியை இறக்கி அனலை வெளியேற்றிவிட்டு, பிறகு உள்காற்றையே சுற்றவிட வேண்டும். காருக்கு அடியில் தண்ணீர் சொட்டுவது ஆரோக்கியம். அது சொட்டாமல் முன் சீட்டின் மிதியடி நனைந்தால் வடிகுழாய் அடைத்திருக்கிறது.

இனி வரும் கேஸ்கள் வேறு. ஐரோப்பாவில் 2017 முதல் புதுக் கார்களில் ஆர்-134ஏ கிடையாது. மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் கிகாலி திருத்தத்தின்படி இந்தியா இந்த வகை கேஸ்களின் பயன்பாட்டை 2028-ல் ஓர் அளவில் நிறுத்தி, 2047-க்குள் 85 சதவீதம் குறைக்க வேண்டும். மின்சாரக் கார்களில் கம்ப்ரஸரும் மோட்டாரும் ஃப்ரிட்ஜில் போல ஒரே குடுவைக்குள் போய்விட்டன. வெளியே வரும் தண்டும் இல்லை, சீலும் இல்லை. ஐன்ஸ்டீன் கேட்டது முழுதாக இல்லாவிட்டாலும் பாதி, நூறு வருடம் தாமதமாக. ஆனால் பெல்ட் சுற்றும் பழைய கார்கள் இன்னும் பல வருடம் நம் ரோடுகளில் ஓடத்தான் போகின்றன. விலை குறைவு என்று கலப்பட கேஸும் அவற்றைத் தேடி வரும். 2011-ல் மீத்தைல் குளோரைடு கலந்த போலி கேஸ், கம்ப்ரஸரின் அலுமினியத்தோடு வினைபுரிந்து, வியட்நாமிலும் பிரேசிலிலும் குளிர்பதனக் கன்டெய்னர்களை வெடிக்கவைத்து ஆட்களைக் கொன்றது.

அதனால் உங்கள் காருக்கு இந்தக் கோடையில் கேஸ் போடப் போகிறீர்கள் என்றால், மிச்ச கேஸைப் பிடித்துவைக்கும் இயந்திரம் இருக்கிற கடையாகப் பாருங்கள். உள்ளே எத்தனை கிராம் மிச்சமிருந்தது என்று கேளுங்கள். கன்டென்சரைக் கழுவிவிட்டு, நைட்ரஜன் வைத்துக் கசிவு பார்க்கச் சொல்லுங்கள். வேக்கம் ஓடும் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள்; ஸ்டூல் தருவார்கள். கேஸைத் தராசில் வைத்துப் போடச் சொல்லி, போட்ட கிராமை பில்லில் எழுதி வாங்குங்கள். அந்த எண் இல்லாமல் அடுத்த வருடம் எவ்வளவு போயிற்று என்று எந்த மெக்கானிக்காலும் சொல்ல முடியாது.